மெல்லிய ட்ரேஸ் கோட்டின் மேல் நீர்வண்ணம்: பல வருடப் பழக்கத்தில் கண்டது

போட்டோவிலிருந்து மெல்லிசாக ட்ரேஸ் எடுத்து, அந்தக் கோட்டின் மேல் நீர்வண்ணம் தீட்டுவது பல வருடமாக என் வழக்கம். இருப்பது இலங்கை மலைநாட்டுப் பண்டாரவளையில், வரைவது பெரும்பாலும் எல்ல, தெமோதரை, ஹப்புத்தளைப் பக்கம். ட்ரேஸ் எடுக்கலாமா என்று கேட்பவர்களிடம் தாராளமாக எடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் படம் முழுவதற்கும் வேண்டாம். எங்கே விளிம்பு கூர்மையாக நிற்க வேண்டுமோ அங்கே மட்டும் போதும்.

தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தையே பாருங்கள். உருக்கு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு எழுப்பி 1921இல் முடித்த பாலம். உயரம் ஏறத்தாழ 24 மீற்றர், நீளம் 91 மீற்றர். பாலமே வளைந்து போவதால், கிட்ட நிற்கும் வளைவு அகலமாகவும் தூரத்து வளைவு ஒடுங்கியும் தெரியும். கை அளவில் போட்டால் பாதி தூரத்திலேயே கணக்குத் தப்பி, ஒன்பதாவதுக்குத் தாளில் இடம் இருக்காது. வளைவுக்குள் தெரியும் காட்டுப் பச்சையை ஈரம் காய்வதற்குள் ஒரே ஓட்டத்தில் நிரப்ப வேண்டும். அந்த நேரத்தில் மனசு தண்ணீரிலும் தூரிகையிலும் மட்டும் இருக்க வேண்டும். அளவைப் பற்றிய கவலையை ட்ரேஸ் பார்த்துக்கொள்ளும்.

நல்ல வெயில் இருந்தால் பிரிண்டின் மேல் தாளை வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாலே போதும், 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள தடித்த தாளிலும் கோடு தெரியும். பனி மூடிய நாளில் அது நடக்காது. அப்போது பிரிண்டின் பின்பக்கம் 4பி என்ற மென்மையான பென்சிலால் தேய்த்து, டிஷ்யூவால் ஒத்தி, மாஸ்கிங் டேப்பால் தாளோடு ஒட்டி, மை தீர்ந்த பேனாவால் மேலே ஓட்டுவேன். அழுத்தம் கூடினால் தாளில் பள்ளம் விழும். வண்ணம் அந்தப் பள்ளத்தில் தேங்கிக் கறுப்புக் கோடாக நிற்கும். கோடு இறங்கியதும் பிசையும் அழிறப்பரால் ஒற்றி எடுத்து, கிட்டக் குனிந்தால்தான் தெரியும் என்ற அளவுக்குக் குறைப்பேன். வண்ணம் போட்ட பிறகு பென்சில் கோடு லேசில் அழியாது, அதனால் இந்த வேலையை முன்கூட்டியே முடிக்க வேண்டும். கந்தோரில் பாவிக்கும் கார்பன் தாள் இதற்கு ஆகாது. அதன் மெழுகு தண்ணீரைத் தள்ளும். இன்க்ஜெட்டில் நேராகத் தாளிலேயே கோடு அடித்தால், சாதாரணச் சாய மை கரைந்து மஞ்சளையும் வானத்து நீலத்தையும் அழுக்காக்கிவிடும்.

இப்போது எனக்கு அதிகம் பிடித்தது தண்ணீரில் கரையும் வண்ணப் பென்சில். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் தகரக் கூரைக்கு மண்ணிறப் பென்சிலால் கோடு போட்டால், முதல் பூச்சிலேயே அது கரைந்து துருவின் நிறத்தோடு சேர்ந்துவிடும்.

அக்கா மகள் என்னோடு வரையத் தொடங்கியபோது கேட்டாள்: “மாமா, பனிக்கும் கோடு போடணுமா?” “பனி எங்க தொடங்குதுன்னு ஒனக்குத் தெரியுதா?” என்றேன். “தெரியல.” “அப்ப போடாத.” இவ்வளவுதான் முறை. பனிக்குள் போகும் மலை விளிம்பை வழியிலேயே நிறுத்திவிட வேண்டும், மிச்சத்தை ஈரத் தாள் பார்த்துக்கொள்ளும். தேயிலைச் சரிவும் அப்படித்தான். ஒவ்வொரு செடியையும் ட்ரேஸ் எடுத்தால் மலை உயிரில்லாமல் போகும். நடைபாதையும் தண்ணீர் ஓடும் கானும் மட்டும் எனக்குப் போதும். செடிகள் தூரிகையிலிருந்து வரட்டும்.

ஆட்களை வரையும்போது மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கொழுந்து எடுக்கும் பெண்ணின் தலையிலிருந்து முதுகுக் கூடைக்குப் போகும் கயிறு, அந்தப் பாரத்துக்கு ஈடுகொடுத்து முன்னுக்குச் சாயும் கழுத்து, இந்த இரண்டையும் கவனமாக ட்ரேஸ் எடுக்கிறேன். கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்தினால் போதும், சுற்றுலா அட்டையில் சிரித்து நிற்கும் பெண்ணாகிவிடுவாள். பாரம் தெரியாமல் அந்த உழைப்பை வரைவதில் எனக்கு உடன்பாடில்லை.

ட்ரேஸ் எடுப்பது களவு என்கிறவர்களும் உண்டு. காட்சியைத் தாளில் விழச்செய்து பிரதி எடுக்க உதவும் கெமரா லூசிடா என்ற கருவிக்கு ஆங்கிலேய விஞ்ஞானி வொலஸ்டன் 1806இலேயே காப்புரிமை எடுத்துவிட்டார். இயற்கைக் காட்சி வரைந்தவர்கள் அதைக் கையில் கொண்டே திரிந்தார்கள்.

குறை என்று சொன்னால் போட்டோவைத்தான் சொல்ல வேண்டும். போனின் அகல லென்ஸ் தூரத்து மலையைச் சின்னதாக்கிவிடும். கண்ணுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் நமுனுகுல, போட்டோவில் ஒரு மேடு மாதிரிக் கிடக்கும். அதையே ட்ரேஸ் எடுத்தால் படத்திலும் மேடுதான். அதனால் மலையைத் தனியாகப் பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்து, முன்னால் உள்ளவற்றோடு பொருத்திக்கொள்கிறேன்.

இன்னொன்று, நம்ம ஊர் ஈரம். தாளின் மேலுள்ள பசைப் பூச்சு நீண்ட நாள் ஈரத்தில் கெடும். அழிறப்பரால் அழுத்தித் தேய்த்தாலும் கெடும். கெட்ட இடத்தில் வண்ணம் மை ஒற்றுத் தாளில் விழுந்த மாதிரி உள்ளே இறங்கித் திட்டாகும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் தாளைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள். ட்ரேஸ் எடுக்க உட்காருவதற்கு முன் தாளின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மேலே நின்றால் அந்தத் தாளில் வேலை செய்யலாம். உடனே உறிஞ்சினால் அதைப் பென்சில் வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள்.