தாத்தா காலத்து .315 ரைஃபிளை ரிப்பேருக்குக் கொடுத்த அனுபவம்

கம்பம், போடியிலிருந்து மலையேறி வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் ஏலத்தோட்டம் போட்ட குடும்பங்கள் பலவற்றில் லைசென்ஸோடு ஒரு பழைய துப்பாக்கி இருக்கும். காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022-ல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்த பிறகு, பெட்டியில் கிடந்ததெல்லாம் வெளியே வந்தன. பன்றியைச் சுட அழைக்கப்படுபவர்களின் பஞ்சாயத்துப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. என்னிடம் இருப்பது தாத்தா வாங்கிய, வங்காளத்து இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த .315 ரைஃபிள். "ஆள் வைத்துப் பார்க்கலாமா, அப்படியே விட்டுவிடலாமா" என்று சொந்தக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ரிப்பேர் செய்து வாங்கி, மழைக்காலங்கள் சில கடந்துவிட்டதால் இப்போது தெளிவாகவே சொல்ல முடிகிறது: வெடியின் அழுத்தத்தைத் தாங்கும் இரும்பைக் கட்டாயம் காட்டுங்கள். அழகுக்காக ஒரு வேலையும் செய்யாதீர்கள்.

இந்த ரைஃபிளின் பிறப்பே தனி. ராணுவத் தோட்டாவான .303 பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடுத்ததால், பழைய ஆஸ்திரிய 8 மி.மீ. மான்லிகர் தோட்டாவின் வழியில் வந்தது .315. போல்ட்டும் (குழலின் பின்வாயை அடைக்கும் இரும்புத் தண்டு) உடலும் மட்டும் .303 சுடும் பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டின் அமைப்புதான். அதில் போல்ட்டைப் பூட்டும் காதுகள் பின்பக்கம் இருக்கும். வெடிக்கும் நேரத்தில் போல்ட் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். தோட்டாவின் பித்தளைக் கூடும் கூடவே நீளும். தேய்மானமும் சேர்ந்துகொண்டால், தோட்டாவின் விளிம்புக்கும் போல்ட் முகத்துக்கும் நடுவில் இடைவெளி வளர்ந்துகொண்டே போகும். இதைத்தான் ஹெட்ஸ்பேஸ் கூடிவிட்டது என்கிறார்கள்.

ரிப்பேருக்குக் கொடுப்பதா என்று முடிவெடுக்கச் சுட்ட காலிக் கூடுகளே போதும். பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். என் கூடுகளில் பிரைமர், அதாவது அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி, அடிமட்டத்தைவிட்டுச் சற்றே துருத்தி நின்றது. விளிம்புக்கு மேலே சுற்றிலும் பளபளவென்று ஒரு வளையம். மெல்லிய கம்பியின் நுனியை வளைத்துக் கூட்டின் உள்ளே விட்டு இழுத்தால், அந்த வளையத்துக்கு நேரே நுனி தட்டி நின்றது. உள்ளே பித்தளை மெலிந்து பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் போனால் கூடு அங்கேயே அறுந்து, சூடான வாயு முகத்தைப் பார்த்துத் திரும்பும். இந்த அடையாளம் கண்ட துப்பாக்கியில் அடுத்த தோட்டா போடவே கூடாது.

எங்கே கொடுப்பது? கீழே தமிழ்நாட்டில் கைதேர்ந்த ஒருவர் இருக்கிறார் என்று சொன்னார்கள். ஆனால் என் லைசென்ஸ் கேரளாவுக்குள் மட்டும் செல்லும். கம்பம்மெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் அதுவே குற்றம். எல்லையில் இருக்கும் நம்மவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லைசென்ஸில் எல்லைப் பரப்பு என்ன போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி ரிப்பேர் செய்பவருக்கும் லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கியை அங்கே விட்டுவிட்டு வந்தால் நம்பரோடு ரசீது வாங்காமல் நகரக் கூடாது.

முதலில் போன கடையில் குழலை வெட்டிக் குட்டையாக்கி, இரும்புக்குப் புதுக் கருநீலப் பூச்சு ஏற்றி, துப்பாக்கியின் மரக்கட்டையை இழைத்து வார்னிஷ் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். காலிக் கூடுகளை நீட்டினேன். கையில் வாங்கக்கூட இல்லை. குழலை வெட்டுவதற்கு அந்தச் சட்டத்திலேயே தனியாக அனுமதி கேட்கிறார்கள். இழைத்தால் கட்டையில் உள்ள முத்திரைகள் போய்விடும். துப்பாக்கியைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.

இரண்டாவதாகப் பார்த்த பெரியவர், துப்பாக்கியைத் தொடும் முன்பே கூடுகளை வாங்கி வரிசையாக வைத்தார். அடுத்து, போல்ட்டில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தார். தேர்தல்தோறும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து வாங்குகிறோமே, அங்கே போல்ட் மாறிவிடலாம் என்பதால் நாமும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டிய விஷயம் இது. லீ-என்ஃபீல்டில் போல்ட்டின் தலை தனித் துண்டு. சற்று நீளமான தலையைத் தேடி எடுத்துக் கையால் அராவிப் பொருத்தி இடைவெளியைக் குறைத்தார். பிரைமரை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னின் நுனி அரித்துப்போயிருந்தது; அதை மாற்றினார். மழையில் உப்பிய முன்கட்டை ஒருபக்கமாகக் குழலை நெருக்கிக்கொண்டிருந்தது. உள்பக்கம் மட்டும் லேசாகச் சுரண்டிவிட்டார்.

குழலுக்குள் நடுவில் புள்ளி புள்ளியாகத் துரு அரித்த தடம் இருந்தது. "குழலை மாத்தணுமா சேட்டா?" என்றேன். "வேண்டாம் சாரே, குறி சரியா விழுதில்லே? அது போதும்," என்றார். விரலால் இழுக்கும் விசை கனமாக இருக்கிறது என்றேன். காட்டில் இருட்டில் நடக்கிற ஆளுக்கு விசை கனமாகத்தான் இருக்கணும் என்று அதையும் தொட மறுத்துவிட்டார். செய்ய வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவரிடம்தான் துப்பாக்கியைக் கொடுக்க வேண்டும்.

அதன் பிறகு கூடுகளில் அந்த வளையம் வரவில்லை. பிரைமர் மட்டமாக நிற்கிறது. முன்பெல்லாம் ஆனி ஆடியில் குறி இடப்பக்கம் ஒதுங்கும், தை மாசியில் திரும்பி வரும். இப்போது துப்பாக்கிப் பயிற்சி மைதானத்தில் எந்த மாதம் சுட்டுப் பார்த்தாலும் ஒரே இடத்தில் விழுகிறது. கூலி, புது ரைஃபிள் விலையில் ஒரு சிறு பங்குகூட வரவில்லை.

பராமரிப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பழைய பிரைமர்கள் எரிந்த பின் குழலில் உப்பு தங்கும். எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். பழைய இருப்புத் தோட்டா சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அப்புறம் எண்ணெய் விடுகிறேன். இடுக்கி மழைக்குத் தோல் உறையில் போட்டு வைப்பதும் ஆகாது. தோல் ஈரத்தைப் பிடித்து இரும்புக்குக் கொடுத்துவிடும். பூட்டுள்ள அலமாரியில் உறையில்லாமல்தான் நிற்கிறது.

ஒரு குறை பாக்கி இருக்கிறது. கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் ஸ்பிரிங் தளர்ந்து, சில சமயம் காலிக் கூடு பாதியில் நின்றுவிடுகிறது. பன்றி எதிரில் நிற்கும்போது அப்படி ஆனால் ஆபத்து. மரவள்ளியில் கிழங்கு பிடிக்கும் முன்பே, அதாவது பன்றி வயலுக்கு இறங்கும் காலத்துக்கு முன், பெரியவரிடம் கொடுத்து மாற்றிவிட வேண்டும்.