சென்னை – யாழ்ப்பாணம்: எட்டுத் தடவை பறந்த பிறகு

மனைவிக்கு ஊர் யாழ்ப்பாணத்துக் கொக்குவில். 2018-இல் கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுக்குப் போவதென்றால் கொழும்பு வழியாகத்தான். மீனம்பாக்கத்திலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கா ஏறக்குறைய 650 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். அதெல்லாம் சொகுசுதான். பிறகு கொழும்பு வெள்ளவத்தையில் இரவு பஸ் பிடித்து, வந்த வானத்துக்குக் கீழேயே 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி ஓட வேண்டும். விடியற்காலை இறங்கும்போது இடுப்பு நம்முடையதாக இருக்காது.

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் திறந்தது. நாங்கள் டிக்கெட் போடுவதற்குள் கொரோனா வந்து சேவை நின்றுவிட்டது. மறுபடி 2022 டிசம்பரில் தொடங்கியது. 2023-இலிருந்து இதுவரை எட்டுத் தடவை போய் வந்துவிட்டேன்.

நேர்கோட்டில் 355 கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து மதுரை போகிற ரோட்டுத் தூரம்கூட இல்லை. சென்னையும் யாழ்ப்பாணமும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால் விமானம் நேர் தெற்காகப் போகிறது. போகும்போது வலப்பக்க ஜன்னல் கேளுங்கள், மேகம் இல்லாத நாளில் கரை கூடவே வரும். கோடியக்கரை முனை தெரியும்போது இறங்கத் தொடங்கியிருப்பார்கள்.

ஓடுவது ஏடிஆர், விசிறி வைத்த சின்ன விமானம். பலாலி ஓடுபாதை நீளம் குறைவு, பெரிய ஜெட் வராது. ஜெட்டைவிட மெதுவாகப் போகும், சத்தமும் உண்டு. பின்வரிசையில் உட்கார்ந்தால் சத்தம் குறைவு, ஏறுகிற கதவும் பின்னால்தான். அட்டவணையில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் போட்டிருப்பார்கள். என் கணக்கு வேறு: தாம்பரம் வீட்டுப் பூட்டிலிருந்து கொக்குவில் படலை (வாசல் கேட்) வரை ஆறு மணி நேரம். முன்பு பத்தொன்பது ஆனது. இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தைத் தொட வேண்டியதில்லை.

குறையும் உண்டு. ஒரு தடவை முந்தின நாள் மாலை குறுஞ்செய்தி: விமானம் ரத்து. பணம் திரும்ப வர ஐந்து வாரம். 2024 செப்டம்பரில் இரண்டாவது நிறுவனம் வந்த பிறகு அந்தப் பயம் குறைந்திருக்கிறது. திருச்சிக்காரர்களுக்கு 2025-இலிருந்து நேராகவே விமானம் உண்டு, கொடுத்து வைத்தவர்கள்.

பெரிய தலைவலி எடைதான். திரும்பும் நாளில் மாமி பனங்கட்டிக் குட்டான் (ஓலைப்பெட்டியில் பனைவெல்லம்), புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் என்று அடுக்குவார். போன தடவை கவுன்டரில் இரண்டரைக் கிலோ கூடிவிட்டது. பெட்டியைத் திறந்து, என் ஜீன்ஸையும் சட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டேன். வியர்த்து வழிந்தபடி போன் எடுத்தால் மாமி கேட்கிறார், "தம்பி, தூள் உடையேல்லையே?"