உப்புக்காற்றில் எந்த எஸ்.எஸ். (ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்) நிற்கிறது? மண்டபத்திலிருந்து ஒரு மதிப்பீடு

மண்டபம், பாம்பன் பக்கம் ஆலைக்கு ஸ்டீல் வாங்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 202 ரகம் வேண்டவே வேண்டாம். 304 என்றால் தினமும் நல்ல தண்ணீரில் கழுவ முடிகிற இடத்துக்கு மட்டும். மற்றதுக்கெல்லாம் 316எல், அதாவது கார்பன் குறைந்த 316. மீன் பதப்படுத்தும் ஆலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறவன் என்பதால், இந்த மூன்றையும் துரு பிடித்த நிலையில் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

202 கடையில் 304 மாதிரியே பளபளக்கும். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, இரண்டிலுமே ஒட்டாது. 304-ல் 8 சதவீதம் நிக்கல் இருக்கும். 202-ல் அதைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள், அதனால்தான் விலை மலிவு. எங்களுக்கு ஒரு கடையில் 304 என்று பில் போட்டுக் கொடுத்த கைப்பிடிக் குழாய், மழைக்காலம் வருவதற்குள் பழுப்பேறிவிட்டது. சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டு பேட்டரியைத் தொட்டோம், உடனே சிவந்தது. மாங்கனீசு கூடுதலாக இருந்தால்தான் அப்படிச் சிவக்கும். 202! இப்போதெல்லாம் மில் சர்டிபிகேட்டும் (ஸ்டீல் தயாரித்தவர் தரும் கலவைச் சான்று) இந்தச் சோதனையும் இல்லாமல் சரக்கை லாரியிலிருந்து இறக்க விடுவதில்லை.

304 மோசமான ஸ்டீல் இல்லை. வேலை முடிந்ததும் கழுவித் துடைக்கிற மீன் வெட்டும் மேசைகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அதே மேசையின் அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். குளோரின் தண்ணீர் தெறித்துக் காய்கிற மூலைகளில் குண்டூசி முனை அளவுக்குப் புள்ளிகள், ஒவ்வொன்றின் கீழும் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வழிந்திருக்கும். புள்ளியில் ஊசியைக் குத்தினால் உள்ளே இறங்கும். மேலே பார்ப்பதைவிட உள்ளே குழி பெரிது. கேஸ்கெட்டுக்கு அடியிலும் வாஷருக்கு அடியிலும் இதே கதைதான்.

316-ல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்கிறது. உப்பிலும் குளோரின் தண்ணீரிலும் இருக்கும் குளோரைடு இப்படிக் குழி பறிப்பதை அது வெகுவாகத் தாமதப்படுத்துகிறது. விலை கூடுதல்தான், ஆனால் பைப்லைனை ஒரு தடவை கழற்றி மாற்ற ஆலையை நிறுத்துகிற செலவை நினைத்தால் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். மழை படுகிற பக்கத்தைவிட கூரைக்கு அடியில் ஒதுங்கியிருக்கும் பக்கம்தான் சீக்கிரம் கறைபடுகிறது. நம் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை விட்டால் உப்பைக் கழுவ மழை ஏது?

நல்ல 316எல் வாங்கிவிட்டு பட்டறையில் கெடுப்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். இரும்பு தேய்த்த கிரைண்டிங் வீலையே இதிலும் வைத்துத் தேய்ப்பார்கள், இரும்புத் தூள் ஒட்டி அங்கிருந்தே துரு கிளம்பும். வெல்டிங் பக்கத்தில் நீலமும் பழுப்புமாக நிற்கும் சூட்டுக் கறையை பிக்கிளிங் பேஸ்ட் (கறையை எடுக்கும் அமிலப் பசை) போட்டு எடுக்காமல் வேலையை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இந்தக் கரையின் அரிப்பு எவ்வளவு கடுமை என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகங்களைக் காற்றில் வைத்து அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில்தான் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. 2025-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள்.

எப்போதும் கடல்நீரிலேயே கிடக்கிற பம்ப் ஷாப்டுக்கு 316-ம் போதாது. அங்கே குழி அரிப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் டூப்ளக்ஸ் 2205 ரகத்தைக் கேளுங்கள். கூரைச் சட்டத்துக்கு எஸ்.எஸ். அவசியமில்லை, முழுசாகத் துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு (ஜி.ஐ.) போதும்.

அப்புறம் போல்ட். எஸ்.எஸ். தகட்டில் ஜி.ஐ. போல்ட் போட்டால் தகடு தப்பிக்கும், போல்ட் கரைந்துபோகும். தலையில் ஏ4 என்று அச்சிட்டிருந்தால் அது 316 வகை, ஏ2 என்றால் 304 வகை. வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் போல்ட்டின் தலையைப் பாருங்கள்.