இரண்டு கட்டையில் மைல்ஸ் டேவிஸ்

ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தின் பழைய கேசட் பாளையங்கோட்டை வீட்டில் ஓடும்போதெல்லாம், நாகஸ்வரம் வாசிக்கிற சித்தப்பா சுருதிப் பெட்டியை வைத்துப் பார்ப்பார். "ஏல, இது ரெண்டு கட்டையிலயும் நிக்கல, ரெண்டரையிலயும் நிக்கலயே" என்பார். கட்டை என்றால் சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. அவர் காது பொய் சொல்லவில்லை. 1959 மார்ச் 2 அன்று, தேவாலயமாக இருந்து ஸ்டுடியோவான நியூயார்க் கட்டிடத்தில் பதிவானபோது, டேப் எந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் போட்டதும் ஆல்பத்தின் முதல் பக்கம் முழுக்கச் சுருதி ஏறிவிட்டது. கூடவே ஓடிய இன்னொரு எந்திரத்தின் டேப்பை வைத்து 1990களில்தான் திருத்தினார்கள்.

இப்போது வாங்கிய சிடி அந்தத் திருத்திய பதிப்பு. முதல் பாட்டு 'சோ வாட்' அச்சாக இரண்டு கட்டையில் நிற்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் நடுவில் எட்டு பார் (தாள ஆவர்த்தனம் மாதிரி) மட்டும் இரண்டரைக்கு ஏறி இறங்குகிறது. சித்தப்பா பெட்டியை மடியில் வைத்தபடியே, "கரஹரப்பிரியா சுரம்லா இது!" என்று கூடவே பாட ஆரம்பித்துவிட்டார்.

மைல்ஸ் தனியாக வாசிக்கத் தொடங்கும் இடத்தில் டிரம்ஸ்காரர் ஜிம்மி காப் தட்டுகிற சிம்பல் இருக்கிறதே, கேசட்டில் அது வெறும் 'சொய்ங்'. இதில் அதிர்வு மெல்ல அடங்குவதுவரை காதில் விழுகிறது. பால் சேம்பர்ஸின் பாஸில் (அடிச்சுருதியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) நரம்பை விரல் இழுப்பது தெரிகிறது. டேப் இரைச்சல் லேசாக உண்டு, எனக்கு அது தொந்தரவில்லை. உள்ளே வைத்திருக்கும் குறிப்பேட்டின் எழுத்துதான் ரொம்பப் பொடி.

இரவில் பஸ் சத்தம் ஓய்ந்தபிறகு ஸ்பீக்கரிலேயே கேளுங்கள்.