ஆறு வயதுப் பிள்ளைக்கு அசீரியா: பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேதபாடம்

லண்டனிலோ அதைச் சுற்றியோ இருந்துகொண்டு பிள்ளையை வீட்டிலேயே படிப்பிக்கும் பெற்றோருக்கு, பழைய ஏற்பாட்டையும் பண்டைய வரலாற்றையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைப் போல வேறோர் இடம் கிடையாது. இதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் சின்னப் பிள்ளைக்கு அது தானாக வகுப்பறை ஆகிவிடாது. எதைக் காட்டுவது, எதைத் தாண்டிப் போவது, எந்த வசனத்தை எங்கே நின்று வாசிப்பது என்பதை வீட்டிலேயே முடிவுசெய்துகொண்டு போக வேண்டும்.

என் மகனுக்கு ஆறு வயது. அமெரிக்காவிலிருந்து வரவழைத்த ஒரு வீட்டுக்கல்விப் பாடத்தொகுதியை வைத்துக்கொண்டு படிப்பிக்கிறேன். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை வீட்டிலுள்ள பிள்ளைகள் எல்லாரும் ஒரே மேசையில் இருந்து படிக்கலாம் என்பது அதன் விளம்பரம். படைப்பில் தொடங்கிக் காலவரிசையாகப் போகும் அதன் அமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஏசாயா தீர்க்கதரிசி வாழ்ந்த காலத்தில் அசீரியப் பேரரசின் நகரமான நினிவேயில் யார் ராஜா என்பதைப் பிள்ளை சேர்த்தே அறிந்துகொள்கிறான். அளவுதான் பொருந்தவில்லை. ஒரே வாரத்தில் இராஜாக்கள் இரண்டாம் புத்தகத்தில் பல அதிகாரங்களை வாசித்து, ஆண்டுகளை மனப்பாடம் செய்து, வரைபடத்துக்கு நிறம் தீட்டி, கேள்வித்தாளையும் நிரப்பச் சொல்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு அது சரி. எழுத்துக்கூட்டி வாசிக்கும் வயதில், பிள்ளை கேள்வித்தாளோடு சேர்த்து வேதத்தையும் வெறுத்துவிடுவான்.

இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு பிள்ளைக்குத் தகுந்த கல்வியைக் கொடுக்கும் பொறுப்பைப் பெற்றோரிடம் விட்டிருக்கிறது. வீட்டில் படிப்பிப்பவர்கள் தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே பாடத்தை வெட்ட யாரிடமும் கேட்கத் தேவையில்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் அம்மையார், முறையான பாடம் ஆறு வயதில் தொடங்கினால் போதும், பாடங்கள் குறுகியவையாக இருக்க வேண்டும், வாசித்துக் கேட்டதைப் பிள்ளை தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று வலியுறுத்தினார். அந்த வழியையே எடுத்துக்கொண்டேன். ஒரு பொருள், பத்துப் பதினைந்து வசனம், பிறகு அவன் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வது. இதற்குத்தான் அருங்காட்சியகம் கைகொடுக்கிறது.

தரைத்தளத்தில் 10ஆம் எண் கூடத்தில் தொடங்குங்கள். மனிதத் தலையும் சிறகும் கொண்ட இரண்டு பெரிய காளைகள் நிற்கின்றன. இன்றைய ஈராக்கில் உள்ள கோர்சபாத்தில் அசீரிய ராஜா இரண்டாம் சர்கோனின் அரண்மனை வாசலைக் காத்தவை அவை. சர்கோனின் பெயர் வேதாகமத்தில் ஒரே ஓர் இடத்தில், ஏசாயா 20ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் வருகிறது. பிள்ளையிடம் அதையெல்லாம் முதலில் சொல்லாதீர்கள். கால்களை எண்ணச் சொல்லுங்கள். முன்னால் நின்று பார்த்தால் அசையாமல் நிற்பதுபோலவும், பக்கத்தில் நின்று பார்த்தால் நடப்பதுபோலவும் தெரிவதற்காகச் சிற்பிகள் ஐந்து கால் வைத்திருக்கிறார்கள். அடுத்து, பீடத்தில் கீறப்பட்ட கட்டங்களைத் தேடச் சொல்லுங்கள். வாசலில் நேரம் போகாமல் நின்ற யாரோ விளையாடுவதற்காகக் கீறியவையாக இருக்க வேண்டும். கல்லில் செதுக்கிய பேரரசுக்குள் அலுப்புத் தட்டிய மனிதர்களும் இருந்தார்கள் என்பது ஆறு வயதுக்கு உடனே விளங்குகிறது.

அருகிலேயே லாகீஸ் முற்றுகைச் சுவர் இருக்கிறது. நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களைப் பிடித்தான். அவற்றில் ஒன்றான லாகீஸில் இருந்த அவனுக்கு யூதாவின் ராஜா எசேக்கியா பொன்னும் வெள்ளியும் அனுப்பியதை 2 இராஜாக்கள் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்த முற்றுகையைச் சனகெரிப் நினிவேயில் தன் அரண்மனைச் சுவர் முழுக்கச் செதுக்கிவைத்தான். மண்மேட்டின்மேல் ஏறும் முற்றுகை இயந்திரங்கள், மதிலில் இருந்து எறியப்படும் தீப்பந்தங்கள், வில்லாளிகள், எல்லாம் இருக்கின்றன.

கழுவேற்றப்பட்ட மனிதர்களும் தோலுரிக்கப்படும் மனிதர்களும் கூட அதே சுவரில் இருக்கிறார்கள். பெற்றோர் முதலில் தனியாக ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. நான் மகனைக் கைபிடித்து நேரே இடம்பெயரும் குடும்பங்கள் செதுக்கப்பட்ட பகுதிக்குக் கூட்டிப்போய் நிறுத்துகிறேன். மாட்டு வண்டியில் மூட்டைகள். மூட்டைகளின்மேல் பெண்களும் பிள்ளைகளும். பின்னால் பொருள் சுமந்து நடப்பவர்கள். வண்டியில் இருக்கும் பிள்ளைகளைக் கண்டதும் அவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டான். வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள் என்றேன். “அம்மம்மா போனதுபோலவா?” என்றான்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போர் நெருங்கியதால் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் சனங்கள் செம்மணி வீதியால் தென்மராட்சிக்கு நடந்த கதையை என் அம்மா அவனுக்குச் சொல்லியிருக்கிறார். மழை, சைக்கிளில் கட்டிய மூட்டை, நாவற்குழிப் பாலத்தில் நகரவே முடியாமல் நின்ற கூட்டம் எல்லாம் அவனுக்குத் தெரியும். பாடத்தொகுதி இந்த வாரத்துக்குக் கேட்ட கேள்வி, எந்த ராஜா எந்த ஆண்டில் எந்தப் பட்டணத்தைப் பிடித்தான் என்பது. அதை விட்டுவிட்டேன். அந்தச் சுவரின் முன்னால் அவன் கேட்டதைவிட நல்ல வரலாற்றுக் கேள்வியை நான் தயாரித்திருக்க முடியாது.

கழுமரத்தைப் பிள்ளை பார்த்துவிட்டுக் கேட்டால், “தோற்றவர்களைக் கொடூரமாகத் தண்டித்தார்கள்” என்ற ஒரு வாக்கியத்தோடு நிறுத்திவிடலாம். பொய் சொல்லவும் வேண்டாம், விவரிக்கவும் வேண்டாம். அதே சுவரில் சிங்காசனத்தில் இருக்கும் சனகெரிப்பின் முகம் சிதைக்கப்பட்டிருப்பதைக் காட்டுங்கள். வென்றவனும் நிலைக்கவில்லை என்பது அதிலேயே விளங்கும்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் மேல்தளத்தில் 55ஆம் கூடத்தில் உள்ள ஆறு பக்கக் களிமண் பட்டகத்தையும் பார்க்கலாம். எசேக்கியாவைக் கூண்டில் அடைத்த பறவையைப்போல் எருசலேமில் அடைத்தேன் என்று சனகெரிப் அதில் பெருமை பேசுகிறான். பட்டணத்தைப் பிடித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. பொன் முப்பது தாலந்து (அக்காலத்து எடை அளவு) என்பதில் அவனுடைய கணக்கும் வேதாகமத்தின் கணக்கும் ஒத்துப்போகின்றன. வெள்ளிக் கணக்கில் அவன் 800 என்கிறான், வேதாகமம் 300 என்கிறது. ஒன்பது பத்து வயதுப் பிள்ளையோடு இதை நாள் முழுக்கப் பேசலாம். என் மகனுக்கு அது இன்னும் வெறும் களிமண்.

இன்னோர் அசீரிய ராஜாவான சல்மனாசாரின் கறுப்புத் தூண் சின்னவர்களுக்கு நன்றாகப் பிடிக்கும். இஸ்ரவேலின் ராஜா யெகூவோ அவனுடைய தூதனோ தரையில் முகம்படப் பணியும் காட்சி அதில் இருக்கிறது. மகனுக்கு யானையும் குரங்கும் இரட்டைத் திமில் ஒட்டகமுமே முக்கியம். இருக்கட்டும்.

மேல்தளத்தின் 56ஆம் கூடத்தில் ஊர் என்ற பழைய நகரத்தின் கல்லறைகளில் லெனார்ட் வூலி 1920களில் கண்டெடுத்தவை இருக்கின்றன. ஆபிரகாம் புறப்பட்ட பட்டணம் இதுதான் என்று பலர் கருதுகிறார்கள். இருபது கட்டங்கள் கொண்ட ஆட்டப்பலகை இங்கே இருக்கிறது, ஏறக்குறைய 4,500 ஆண்டு பழையது. கீழே காளையின் பீடத்தில் பார்த்தது இதே குடும்பத்து ஆட்டம். அட்டையில் இருபது கட்டம் கீறி, தாயம் ஆடுவதுபோல் ஒரு பக்கம் தேய்த்த நான்கு புளியங்கொட்டைகளை உருட்டி வீட்டில் விளையாடுகிறோம். பாடத்தொகுதி செய்யச் சொன்ன காகிதக் கோபுரத்தைவிட இது நீண்ட நாள் நிற்கிறது.

அதே கூடத்தில் பொன்னும் நீலக்கல்லும் பதித்த ஓர் ஆடு, பின்னங்காலில் எழுந்து மரத்தைப் பற்றி நிற்கிறது. ஆதியாகமம் 22ஐ நினைத்து, புதரில் சிக்கிய ஆட்டுக்கடா என்று வூலி பெயர்வைத்தார். அது இலை தின்ன எழும்பும் வெள்ளாடு. ஈசாக்குக்குப் பதிலாகப் பலியான கடா இதுவென்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். சில சபைச் சுற்றுலாக்களில் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியையும் வேதத்துக்கு அத்தாட்சி என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். எனக்கு அது மனவருத்தம். பொருள் எதைச் சொல்கிறதோ அதை மட்டும் சொன்னால் போதும். பின்னாளில் பிள்ளை தானே விசாரிக்கும்போது தாய் மிகைப்படுத்தினாள் என்று எண்ண இடமிருக்கக் கூடாது.

நிரந்தரக் கூடங்களுக்குக் கட்டணம் இல்லை. நேரத்தை இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டால் வரிசை குறையும். பள்ளிக்கூடம் நடக்கும் நாட்களில் காலை பத்து மணிக்கே போய்விடுங்கள். கூடங்கள் சில வேளை மூடப்பட்டிருக்கும், புறப்படும் முன் பாருங்கள். விளக்க அட்டைகள் பெரியவர்களுக்கானவை. வசனத்தையும் இரண்டு வரிக் குறிப்பையும் கையில் எழுதிக் கொண்டுபோங்கள். பென்சிலும் ஒரு சின்ன வரைதாளும் அவசியம். ஒருமுறைக்கு ஒரு கூடம், அதிகம் போனால் இரண்டு. எகிப்திய மம்மிகளையும் அதே நாளில் சேர்த்தால் லாகீஸ் மறந்துபோகும்.

ஆறு ஏழு வயதுக்குக் காளைகள், லாகீஸின் வண்டி, ஊர் நகரத்தின் ஆட்டப்பலகை ஆகிய மூன்றும் ஒரு பருவத்துக்குப் போதும். 52ஆம் கூடத்தில் இருக்கும், பெர்சிய ராஜா கோரேசின் களிமண் உருளையை எஸ்றாவின் புத்தகம் வாசிக்கும் வயதுக்கு வைத்திருக்கிறேன்.