ஃப்ளோரிடாவின் இரு இரவு விடுதி நாவல்கள்: எதை முதலில் வாசிப்பது?

ஆடை களைந்து ஆடும் பெண்களை மையமாகக் கொண்ட குற்றப் புனைவுகளில், கார்ல் ஹையாசனின் ‘ஸ்ட்ரிப் டீஸ்’ (1993), மூன்றாம் ஆந்த்ரே டுபியூஸின் ‘தி கார்டன் ஆஃப் லாஸ்ட் டேஸ்’ (2008) ஆகிய இரண்டுக்கும் இடையே தயங்குவோர் உண்டு. இரண்டிலும் நாயகி ஒரு சிறுமியின் தாய்.

குற்றம்: முன்னதில், விடுதியில் ஒருவரை மதுப்புட்டியால் தாக்கிய நாடாளுமன்ற உறுப்பினரைக் காப்பாற்ற, சர்க்கரை ஆலை முதலாளிகளின் ஆட்கள் கொலைவரை செல்கின்றனர். பின்னதில், பார்த்துக்கொள்ள ஆளின்றி நாயகி ஏப்ரல் விடுதிக்கே அழைத்துவந்த மூன்று வயது மகளை, வெளியேற்றப்பட்ட வாடிக்கையாளன் ஒருவன் தூக்கிச் செல்கிறான். அதே இரவில் ஏப்ரலுக்குப் பணத்தை வாரியிறைப்பவனோ, செப்டம்பர் 11 தாக்குதலுக்கு ஆயத்தமாகும் இளைஞன்.

நடை: பத்திரிகையாளரான ஹையாசன் எள்ளலுடன் விரைகிறார். டுபியூஸ் பல மாந்தரின் மனங்களுக்குள் மெதுவாக நுழைகிறார். சில இடங்களில் அளவுக்கு மீறி மெதுவாக.

தொழிற்சித்திரம்: மகளை மீட்கும் வழக்குச் செலவுக்காக ஆடும் ஹையாசனின் நாயகி எரின், தன் நிலைமையைத் தானே கேலி செய்யத் தெரிந்தவள். ஆயினும் தனியறையில் மணிக்கணக்கில் நடக்கும் பேரத்தையும் அச்சத்தையும் டுபியூஸே நுணுக்கமாக எழுதியிருக்கிறார்.

அரசியல் அங்கதமும் விறுவிறுப்பும் வேண்டுவோர் ஹையாசனை எடுக்கலாம், பொறுமையுள்ளோருக்கு டுபியூஸ்.