எந்த நாவலை முதலில் வாசிப்பது?

வெள்ளவத்தையில் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் தம்பி ஒருவர் கேட்டார்: வேற்றுக்கிரகவாசிகளோடு நடக்கும் போரில் சிப்பாயின் மனச்சாட்சி படும் பாட்டை அறிய ஜோ ஹால்டமனின் ‘த ஃபாரெவர் வோர்’ நல்லதா, ஓர்சன் ஸ்கொட் கார்டின் ‘எண்டர்ஸ் கேம்’ (1985) நல்லதா?

எண்டர் சிறுவன். இறுதிப் பரீட்சை என்று நம்பித் திரையில் ஆடுகிறான். முடிந்த பிறகுதான் ஓர் இனத்தையே நிஜமாக அழித்தது தெரிகிறது. விறுவிறுப்பு இதில்தான் அதிகம். ஆனால் ‘எனக்குத் தெரியாதே’ என்று சொல்ல அவனுக்கு இடமிருக்கிறது.

‘த ஃபாரெவர் வோர்’ நாவலின் சிப்பாய் மண்டெல்லாவுக்கு அந்த இடம் மிகக் குறுகல். அவனைப் படைத்தவர் வியட்நாம் போரில் காயம்பட்டவர். முதல் சண்டையில், மனவசியத்தால் பதித்த வெறி சமிக்ஞை கிடைத்ததும் கிளம்புகிறது. எதிர்த்துப் போராடாத டோரன்களை, அதாவது எதிரி வேற்றுக்கிரகவாசிகளை, கொன்று குவிக்கிறார்கள். வெறி தணிந்ததும் அவன் பார்ப்பது உடல்களை. வசியத்தின் மேல் பழியைப் போட்டாலும் மனம் ஆறுவதில்லை. ஒளிவேகத்தை நெருங்கும் பயணத்தால் அவனுக்கு இரண்டு ஆண்டுகள் அளவில் கழிய, பூமியில் இருபதாண்டுகளுக்கும் மேல் ஓடிவிடுகின்றன. வீடு திரும்பினால் தாயின் உலகமே அந்நியம்.

2009 வரை போரோடு வாழ்ந்த நமக்கு அந்த வீடு திரும்பும் பக்கங்கள் வலிக்கும். நான் அங்கே புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கடற்கரைத் தண்டவாளம்வரை நடந்தேன். முதலில் இதையே வாசியுங்கள், தம்பி.